பூட்டிய அறையில் உயிர்த்தெழும் கணினி

மேல்கணக்கு லயம்,
மடுல்சீமை.
ஐப்பசி முதலாம் நாள், ஞாயிறு பின்னேரம்

மரியாதைக்குரிய அண்ணன் சதீஸ்குமார் அவர்களுக்கு,

தங்கை விதுஷா பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நான்கு கோழிகள் ஆகிய அனைவரும் மழையில் நனைந்தபடி நலம். அங்கே டோஹாவில் தாங்கள் வெயிலில் காய்ந்தபடி நலமாக இருக்க நமது லயத்துக் காளியம்மனை வேண்டுகிறேன். மரியாதைப் பகுதி இத்தோடு முடிந்தது. இனி வருவதை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்துகொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். இத்தனை பக்கக் கடிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது. பதுளையில் கணினி பழுது பார்க்கும் றுஷ்தி நானாவின் மச்சான் நஸீர் வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். ஆவணியில் நீ கொடுத்தனுப்பிய பொருளை இரண்டு சட்டைகளுக்குள் சுற்றி இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். பொருள் வந்த கையிலேயே குற்றப்பத்திரிகையும் வருகிறது, வாங்கிக்கொள்.

பொருள் என்று நான் சொல்வது அந்த கிராஃபிக்ஸ் கார்டை. கணினியில் படம் காட்டுவதற்கென்று செய்த பாகம்தான், ஆனால் ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் போடவும் அதற்குத் தெரியும் என்பதால்தான் உன்னிடம் கேட்டேன். நீ யாரோ ஒருவன் பாவித்துவிட்டு விற்றதை வாங்கி அனுப்பினாய். என்னத்துக்கு என்று நீ கேட்டபோது பள்ளிக்கூட வேலைக்கு என்றேன். அது பொய். வீட்டிலும் அதையே சொன்னேன், அதுவும் பொய். நான் இரகசியமாகச் செய்கிற காரியங்கள் குறைவு, அதனால் செய்கிற ஒன்றிரண்டை ஒழுங்காக இரகசியமாகச் செய்வேன் என்பது உனக்குத் தெரியும்.

உண்மை இதுதான். மீரியபெத்தையில் மலை சரிந்து ஒரு லயமே புதைந்த பிறகு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்கும் முன்னால் அதிகாரிகள் நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து மேலே நிற்கிற மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதிக மழை பெய்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். எது அதிக மழை என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. போன வருடம் மூன்று தரம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம், மலை அசையவில்லை. நான்காம் தரம் நம் அம்மா உட்பட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். மலை அல்ல, அந்த நான்காம் தரம். இந்த நிலையில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மண்சரிவுக் கணக்கு போடுவதாகப் படித்தேன். ஒரு சரிவின் மண்ணையும் பாறையையும் மழையையும் வைத்து எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பெய்தால் அது வழுக்கும் என்று பார்க்கிற கணக்கு. மிகப் பெரியது, ஒரு கணினியால் ஆகாது. அதனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கிற கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் துண்டை முடித்துத் திருப்பி அனுப்பினால் மொத்த விடை வரும். நான் பள்ளிக்கூட முற்றத்தில் மழைமானி வைத்து ஒன்றரை வருடம் அளந்து அனுப்பினேன். நம் மலையைச் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: முதல் அறுபது துண்டை அந்த ஊர்க் கணினியே பிழையில்லாமல் முடித்துக் காட்ட வேண்டும். ஒக்டோபர் முப்பத்தொன்றுக்குள் முடித்தால் மீதி ஆயிரத்தையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கார்த்திகை மழைக்கு முன் விடை தருவார்கள். முடிக்காவிட்டால் அடுத்த வருடப் பட்டியல். அடுத்த வருடம் வரை மலை பொறுக்குமா என்று மலையைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நீ அனுப்பிய கார்டைப் பொருத்தி, என் அறை மூலையில் மேசை போட்டுக் கணினியை வைத்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, இரண்டு பழைய கம்பளியை இணைத்துத் தைத்து மூலைக்குக் குறுக்கே கயிறு கட்டித் திரையும் போட்டேன். அறையில் இருக்கும்போது விலக்குவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இழுத்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போவேன். ஒரு மனுஷிக்கு லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி தனிமை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மூன்று பேரோடு அறையைப் பகிர்கிற நீ அறிவாய்.

முதல் வாரம் தேர் மாதிரி ஓடியது. அது சனி ஞாயிறும் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்த வாரம், நான் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து கணினியின் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறேன் (அது தானே எழுதிவைக்கிற நாட்குறிப்பு, நம் குடும்பத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள்): காலை ஒன்பது நாற்பதுக்குக் கார்ட் தொண்ணூற்று நான்கு பாகைச் சூட்டில் விழுந்திருக்கிறது. கணினித் திரை கறுப்பு, மொத்தமும் அணைவு, முக்கால்வாசி முடிந்திருந்த துண்டு குப்பை. அது போகட்டும். பன்னிரண்டு இருபதுக்குக் கணினி எழுந்திருக்கிறது. யார் எழுப்பியது? அறை பூட்டியிருக்கிறது. சாவி என் கைப்பையில். கைப்பை என் மேசையில். மேசைக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர்.

செவ்வாய், ஒன்பது ஐம்பதுக்குச் சாவு, பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு உயிர்ப்பு. புதன், அதே கதை. விழுவது பழுது. தானாக எழுவது என்ன? வெளிநாட்டிலிருந்து யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டான் என்று முடிவு செய்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அடுத்த நாளும் பன்னிரண்டு இருபதுக்கு எழுந்தது. கதவுக்கு இரண்டாவது பூட்டாக ஒன்று தொங்கவிட்டேன். பன்னிரண்டு பத்தொன்பதுக்கு எழுந்தது, ஒரு நிமிடம் முன்னதாக. அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "பழைய லயம்மா, எத்தன சனம் பொறந்து செத்த எடம். வெள்ளிக்கெழம சாம்பிராணி போடு" என்றார். நானும் போட்டேன். பட்டம் படித்தவள், கணினிக்குச் சாம்பிராணி காட்டினேன். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

சாம்பிராணிக்கும் அடங்காததால் சனிக்கிழமை கணினியை உரச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். றுஷ்தி நானா கார்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, சூடு கடத்துகிற புதுப் பசை பூசி, கரண்ட் கம்பிகளை மாற்றி, டிரைவர் மென்பொருளை அடியோடு அழித்துப் புதிதாகப் போட்டு, ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அறுபத்தெட்டு பாகையைத் தாண்டவேயில்லை.

"தங்கச்சி, இது சிங்கம் மாதிரி ஈக்கிது. சாமான்ல ஒரு கொழப்பமும் இல்ல."

"அப்ப வீட்டில ஏன் நானா விழுது?"

"வீட்டில என்ன நடக்குதுன்னு வீட்டில ஈக்கிறவங்கதான் சொல்லணும். சாமானுக்கு வாயில்லையே" என்றார். அப்போது அதை நான் குத்தலாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நான் பக்கத்தில் இருந்தால் அதே அறுபத்தெட்டு. போனால் தொண்ணூற்று நான்கு. நான் பார்க்கும்போது நல்ல பிள்ளையாகவும் முதுகைத் திருப்பினால் வேறு மாதிரியும் நடக்கிற பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் இதுதான் முதல் தடவை. அன்றுதான் உன் மேல் சந்தேகம் வந்தது. இணையத்தில் நாணயம் தோண்டுகிறோம் என்று இரவு பகலாகக் காய்ச்சி எடுத்த கார்டை எவனோ துடைத்துப் பளபளவென்று உன் தலையில் கட்டியிருக்கிறான், நீயும் பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கிறாய், தங்கை உயிரைவிட்டுக் கேட்ட ஒரே பொருளை இப்படியா பார்த்து வாங்குவாய் என்று மனசுக்குள் ஏசினேன். பிறகு வெளியேயும் ஏசினேன். அம்மாவிடமும் பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவிடமும், "அண்ணன ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அதனால் உன்னை மேல்கணக்கு முழுவதும் இப்போது ஏமாந்தவனாக அறிந்திருக்கிறது. மன்னித்துக்கொள். மன்னிப்பின் மீதிப் பாதி கீழே வரும்.

அடுத்து, கரண்ட் இறங்குகிறதோ என்று ஒரு யோசனை. யாராவது ஒன்பது நாற்பதுக்கு அயன் போடுகிறார்களா, சோறு வேகவைக்கிற பானை போடுகிறார்களா என்று கேட்க வேண்டும். எனக்கு வீடு வீடாகப் போவது எவ்வளவு வேதனை என்பது உனக்குத் தெரியும், கோயில் வரிக்குக்கூட அம்மாவைத்தான் அனுப்புவேன். ஆனாலும் மலைக்காகக் கொப்பியும் பேனையுமாகப் போனேன். முதல் வீட்டில், "அக்கா, உங்க வீட்டில கரண்ட்ல ஓடுற சாமான் என்னென்ன இருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், நான் இரண்டாம் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் ஆறாம் வீடு வரை செய்தி போய்விட்டது: கூரைக்குத் தகரம் கொடுக்கப் பெயர் எடுக்கிறார்கள், வசதி உள்ளவர்களை வெட்டுவார்கள். நான் நடக்க நடக்க எனக்கு முன்னால் டிவிகள் போர்வை போர்த்துக்கொண்டன. ஒரு வீட்டில் அரிசி வேகும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, "நமக்கு ஏதும்மா குக்கரு, வெறகுதான்" என்றார்கள். என் கணக்கெடுப்பின்படி நம் லயத்தில் ஒரு பல்பு கூட இல்லை. ஆனால் தகரத்துக்குப் பெயர் கொடுக்கக் குடும்பங்கள் மட்டும் ஆறிலிருந்து பதினொன்றாகிவிட்டன. இன்றைக்கும் என்னைக் கண்டால், "டீச்சர், தகரம் எப்ப?" என்கிறார்கள்.

அப்பாவையும் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரியில், காற்று விட்டுக் கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றவர். ஒருநாள் வாசற்படியில் நின்றபடி திரையைப் பார்த்து, "அதுக்குள்ள காத்து எப்பிடிம்மா போகுது?" என்றார். நான், "அப்பா, இது கொழுந்து இல்ல. தயவு செஞ்சு எட்டிப் பாக்காதீங்க" என்றேன். போய்விட்டார். அவர் இரண்டாம் தரம் சொல்கிற ஆள் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒன்பதாம் திகதியும் பதினான்காம் திகதியும் அது விழவேயில்லை, இரண்டு நாளும் இரண்டிரண்டு துண்டு முடித்தது. இரண்டும் விடிந்ததிலிருந்து அடை மழை கொட்டிய நாட்கள். குளிர்தான் காரணம் என்று எழுதி வைத்தேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உட்கார்ந்துதானே இருக்கிறாய்?

பாலத்துக்கு மேலே தண்ணீர் ஏறியதால் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். என் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. இரண்டு பூட்டும் சாவியோடு ஆணியில் தொங்கின. உள்ளே பேச்சுக்குரல். அண்ணா, என் அறைக்குள்.

"ஓம் படங்க கொஞ்சம் தள்ளிப் போடுடி. எனக்குக் காத்தே வரல."

"நேத்து நீதான முன்னுக்குப் போட்ட? இன்னைக்கி என் மொறை."

எட்டிப் பார்த்தேன். திரையை ஒரு ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். திரைக்காக நான் கட்டிய கயிற்றில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குகள் மூன்று, தலையில் போடுகிற கொங்காணிச் சாக்கு நான்கு, காலுறைகள் எண்ணவில்லை. எல்லாவற்றிலிருந்தும் ஆவி. அறையே இட்லிச் சட்டிக்குள் இருப்பது போலிருந்தது. கணினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகள். என் கட்டிலில், என் தலையணையை முதுகுக்குக் கொடுத்து, இராக்கம்மா அக்கா. அவர் காலடியில் மூன்றாம் வீட்டுக்காரியும் ஐந்தாம் வீட்டுக்காரியும். என் நாற்காலியில் நம்மைப் பெற்ற தாய் விஜயலெட்சுமி.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னம்மா, இன்னைக்கி வெள்ளனவே வந்துட்ட? சாப்டியா?"

"சாவி?" என்றேன்.

"ரெண்டு பூட்டுக்கும் ரெண்டு ரெண்டு சாவிதான குடுக்கிறான் கடைக்காரன்? ஒண்ணொண்ணு அரிசிப் பானைக்குள்ள கெடந்துச்சு."

"சாம்பிராணி போடச் சொன்னீங்களேம்மா!"

"ஈர வாடைக்கு நல்லதுதான?" என்றார் அம்மா.

இராக்கம்மா அக்கா இறங்கக்கூட இல்லை. "ஏம்புள்ள விது, என்னமோ திருடி மாதிரிப் பாக்கிற. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாரப்ப ஒடம்பெல்லாம் தொப்பலா நனஞ்சு வாரோம். அடுப்படியில போட்டா பொக நாத்தம். இங்க பாத்தா நல்லா வெதுவெதுன்னு காத்து அடிக்கிது. ஒருமணிக்குள்ள காஞ்சிருது. போறப்ப திரைய இருந்த மாதிரியே இழுத்து விட்டுட்டுத்தான் போறோம். ஒரு துரும்பு அசைஞ்சிருக்கா, சொல்லு."

"பன்னிரண்டு இருபதுக்கு இதை எழுப்புறது…"

"நாந்தான். மத்தியானம் நாங்க வாரப்பல்லாம் செத்துத்தான் கெடக்கும். அந்தப் பொத்தான அமுக்கினா மூச்சு விடும். செத்தத எழுப்பினா கோயில்ல தேங்கா ஒடைக்கிறாங்க. நீ ஒரு நன்றிகூடச் சொல்லல."

நான் கத்தினேன். அதுவரை நான் கத்தி இந்த லயம் கேட்டதில்லை, கோழிகள் கூரைக்கு ஏறின. நீங்க ஈரத்தையெல்லாம் கொண்டுவந்து போட்டுத்தான் இது மூச்சு முட்டிச் சாகுது, இது என்ன வேலை செய்யுது தெரியுமா, மேலே நிக்கிற மலை எவ்வளவு மழைக்குச் சரியும்னு கணக்குப் போடுது, நம்ம லயம் தப்புமா தப்பாதான்னு கணக்குப் போடுது என்று, ஒன்றரை வருடம் ஒருவருக்கும் சொல்லாததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

இராக்கம்மா அக்கா கட்டிலைவிட்டு இறங்கினார்.

"எங்க தலைக்கு மேல நிக்கிற மலைய, எங்களுக்குச் சொல்லாமத்தான் கணக்குப் பாக்கிறியா?"

"சொன்னா பயப்படுவீங்கன்னு…"

"பயமா? நாப்பது வருசமா அதுக்கு அடியில படுத்துக் கெடக்கிறோம். இனிமேத்தான் பயப்படணுமா?"

அறுபது துண்டு, முப்பத்தொன்றாம் திகதி என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அம்மாதான் இடையில் வெட்டினார். "கொழுந்து எடுக்கிற நிரை மாதிரி. மலைய நிரை நிரையாப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு விட்டுருக்காங்க. நம்ம நிரைய நம்ம முடிச்சாத்தான் மத்தவன் எறங்குவான். அதான?" நான் ஒன்றரை மணி நேரம் யோசித்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"எத்தன நிரை முடிஞ்சிருக்கு?" என்றார் இராக்கம்மா அக்கா.

"நாற்பது."

"நாங்கதான் கெடுத்தோமா?"

"ஆமா" என்றேன்.

மூவரும் கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். பாதி காய்ந்த படங்கை இடுப்பில் சுற்றி, தண்ணீர் சொட்டுகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி வேலைக்குப் போனார்கள். எனக்கு அந்த நேரத்தில் பரிதாபம் வரவில்லை, வெற்றிதான் வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆகவே தீர்ப்பு வருமாறு: கார்ட் நல்லது. நீ ஏமாந்தவன் இல்லை, இதுதான் மன்னிப்பின் மீதிப் பாதி. குற்றவாளிகள் ஈரச் சாக்கும் அதைத் தொங்கவிட்டவர்களும். மூன்றாவதாக ஒரு பூட்டு வாங்கியிருக்கிறேன், அதன் இரண்டு சாவியும் என் கழுத்துச் சங்கிலியில். இன்றைக்கு நாற்பத்து மூன்று முடிந்திருக்கிறது, பதினேழு பாக்கி. பதின்மூன்று நாள் இருக்கிறது. நாளுக்கு ஒன்று என்றால் தோற்போம், விழாமல் இரண்டு ஓடினால் வெல்வோம். முப்பத்தொன்றாம் திகதி முடிந்ததும் பதுளையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். கதவு என்றால் கதவாகவும் பூட்டு என்றால் பூட்டாகவும் இருக்கிற ஓரிடத்தில் கொஞ்ச நாள் வாழ ஆசை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. பளபளப்பைப் பார்த்து எதையும் வாங்காதே. அம்மாவின் ஆசியும் அப்பாவின் மௌனமும் உன்னோடு என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத தங்கை,
விதுஷா

பி.கு.: புதன் மாலை. நஸீர் நாளைக்குப் போகிறார், உறையை ஒட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று. அண்ணா, மேலே எழுதியதில் தேதியும் நம் பெயர்களும் சரி. மற்றதை விட்டுவிடு.

திங்கள் கணினி விழுந்தது. செவ்வாயும் விழுந்தது. மூன்று பூட்டுக்குள், ஒரு காலுறைகூட இல்லாத அறையில், ஒன்பது நாற்பதுக்கு விழுந்தது, பன்னிரண்டு இருபதுக்கு ஒருவரும் எழுப்பாமல் நான் வரும்வரை செத்தே கிடந்தது. அந்த இரண்டு நாளும் இவர்கள் நனைந்த துணியோடுதான் பின்னேர வேலைக்குப் போனார்கள், இராக்கம்மா அக்காவுக்கு இருமல். இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் குடை ஞாபகம் வந்து திரும்பினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டுகளைத் திறந்து, திரையை விலக்கக் கையை உள்ளே விட்டேன். ஃபெக்டரி அடுப்பு வாய்க்குள் விட்டது மாதிரி இருந்தது. எண்பத்தொரு பாகை, ஏறிக்கொண்டிருந்தது.

அது என் திரை. இரண்டு கம்பளி, இரட்டைத் தையல். அறையில் இருந்தால் விலக்குகிறேன், அறுபத்தெட்டு. போகும்போது மூடுகிறேன், தொண்ணூற்று நான்கு. மூடியது நான். சாவைக் கண்டதும் திரையைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அமுக்கியது அவர்கள். ஒன்பதாம் திகதியும் பதினான்காம் திகதியும் ஏன் விழவில்லை? அடை மழைக்கு மலையில் வேலை நின்று, எட்டரைக்கே நனைந்துபோய் வந்து திரையை விலக்கித் துணி போட்டிருக்கிறார்கள். குளிர் என்று எழுதி வைத்தேனே, அது குளிரல்ல, இராக்கம்மா அக்கா. அந்த நான்கு துண்டும் அவர் கணக்கு. வாசற்படியில் நின்று காற்று எப்படிப் போகிறது என்று கேட்டவரை நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை மேலே ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஆமாம், "படித்துக்கொள்ளுங்கள்". கடிதத்தின் தொடக்கத்தில் பறித்துக்கொண்ட மரியாதையையும் திருப்பித் தருகிறேன். கார்டை விற்றவன் ஏமாற்றியவனும் இல்லை, தாங்கள் ஏமாந்தவரும் இல்லை.

திரையை அறுத்து எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலைக்குப் பிரிக்கிற நேரம், நூறு பேர் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை கொப்பியிலிருந்து நிமிர்ந்து, "என்ன டீச்சர், பேர் குடுக்க வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோயில் வரிக்கே போகாத நான், அந்த நூறு பேருக்கும் முன்னால், இராக்கம்மா அக்காவிடம், தப்பு என்னோடது, கெடுத்தது நான்தான், மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு எல்லாரும் துணியைக் கொண்டுவந்து போடுங்க என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "தகரத்தையும் அங்கதான் குடுக்கிறாங்களா?" என்றது.

இராக்கம்மா அக்கா இருமிக்கொண்டே என் கையிலிருந்த கம்பளியைத் தடவிப் பார்த்தார். "கனமான சாமான். கணினிக்கு எதுக்கு இது? எனக்குக் கொங்காணிக்கு ஆகும்" என்று வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு, "கணக்கு முடிஞ்சா மொதல்ல யாருக்குச் சொல்லுவ?" என்று கேட்டார். அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவதாகத்தான் ஒன்றரை வருடமாக நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "நிரைய முடிச்சா நாங்க மேல நின்னு கூவிச் சொல்லுவோம்ல, கீழ உள்ளவளுக்குக் கேக்கிற மாதிரி? எத்தன மழைக்கு எந்திரிக்கணும்னு நீயும் அப்பிடிக் கூவிச் சொல்லு. நான் எந்திரிப்பேன்."

அப்பா பின்னேரம் வந்து, எங்கிருந்தோ பழைய கம்பி வலையொன்று கொண்டுவந்து, கணினிக்கு மூன்றடி தள்ளி, காற்றுப் போக இடம் விட்டு, துணி போட ஒரு தட்டு அடித்துவிட்டார். ஆணி அடிக்கும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மூன்று பூட்டையும் கழற்றிவிட்டேன். பதுளை அறையைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேனே, இனிச் சொல்லவும் ஒன்றுமில்லை. இதை எழுதுகிற இந்த நேரத்தில் என் கட்டிலில் இடமில்லை, தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாற்பத்தெட்டாவது ஓடுகிறது. ஐந்தாம் வீட்டுக்காரி, துண்டு எவ்வளவு முடிந்தது என்று கணினித் திரையில் ஏறுகிற இலக்கத்தை எல்லோருக்கும் சத்தமாக வாசிக்கிறார். அறுபத்தெட்டு பாகை. தலைக்கு மேலே பன்னிரண்டு காலுறை.